ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது எமது முதுமொழி. 2017ஆம் ஆண்டில் வளைகுடா இரண்டுபட்டபோதோ கூத்துக் களமே இடம்பெயர்ந்தது. கூத்தைக் காட்டும் திரையும் பிளவுண்டது. அதன் படிப்பினை, ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்கும் எல்லோருக்கும் உரியது.

டோஹாவுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில் அமைந்தது ராஸ் லஃபான். 1996ஆம் ஆண்டின் இறுதியில் அங்கிருந்து திரவ எரிவாயு ஏற்றிய முதற் கப்பல் யப்பானை நோக்கிப் புறப்பட்டது. கட்டாரைச் செல்வந்த நாடாக்கிய அந்த எரிவாயு வருவாயே விளையாட்டு ஒளிபரப்புக்கும் வலுவூட்டியது. 2003இல் அல் ஜசீராவின் விளையாட்டு அலைவரிசை தொடங்கிற்று. 2009இல் அது சவூதியருக்குச் சொந்தமான ஏ.ஆர்.ரி. நிறுவனத்தின் விளையாட்டு அலைவரிசைகளை, உலகக் கிண்ண உரிமைகளோடு சேர்த்து வாங்கியது. 2014 முதல் பீஇன் ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில் அரபுலகின் உதைபந்தாட்டத் திரையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது.

2017 ஜூன் 5ஆம் திகதி சவூதி அரேபியா, ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பஹ்ரெய்ன், எகிப்து ஆகிய நாடுகள் கட்டாருடனான உறவைத் துண்டித்தன. அவ்வாண்டு டோஹாவில் நடக்கவிருந்த வளைகுடாக் கிண்ணத்துக்கு முதல் மூன்று நாடுகளும் வர மறுத்தன. போட்டி குவைத்துக்கு மாற்றப்பட்டது. சில மாதங்களில் 'பீஅவுட்கியூ' என்ற பெயரில் ஒரு களவு அலைவரிசை முளைத்து, பீஇன் ஒளிபரப்பை அப்படியே எடுத்து விற்றது. அதை நடத்தியோர் சவூதியின் சட்ட எல்லைக்குள் இருந்தனர் என்பதற்கு மேலோட்டமான சான்று உண்டு என்றும், அவர்கள்மீது சவூதி குற்றவியல் நடவடிக்கை எடுக்கவில்லை என்றும் 2020 ஜூனில் உலக வர்த்தக நிறுவனத்தின் நடுவர் குழு கூறியது.

பூசல் தீர்ந்த விதத்தையும் நோக்குக. 2021 ஜனவரியில் அல் உலாவில் நாடுகள் சமரசம் செய்தன. அவ்வாண்டு ஒக்டோபரில் சவூதி பீஇன் மீதான தடையை நீக்குகிறது என்ற செய்தி வெளியாயிற்று. மறுநாளே இங்கிலாந்தின் நியூகாசில் கழகம் சவூதி அரச முதலீட்டு நிதியத்தின் தலைமையிலான கூட்டுக்குக் கைமாறியது. ஒளிபரப்புரிமையும் கழக உரிமையும் அரசியலும் ஒரே மேசையில் பேசப்படும் காலம் இது. அந்த மேசையில் ரசிகனுக்கு மட்டும் நாற்காலி இல்லை.

வளைகுடாக் கிண்ணத்தின் வரலாறே சேர்தலும் விலகலும் நிறைந்தது. 1970இல் பஹ்ரெய்னில் நான்கு அணிகளோடு தொடங்கிய அந்தக் குடும்பத்தில் ஈராக் 1976இல் சேர்ந்தது. 1990இல் குவைத்தை ஆக்கிரமித்த பின் விலக்கப்பட்டு, 2004இல்தான் மீண்டும் வந்தது. படையெடுத்தவர் ஆட்சியாளர், பதினான்கு ஆண்டுகள் வெளியே நின்றவர் ஆட்டக்காரர். 2023இல் பஸ்ராவில் ஈராக் கிண்ணம் வென்றபோது அந்நகர மக்கள் அடைந்த களிப்பின் பொருளை, நெடுங்காலம் வாசலுக்கு வெளியே நின்றவரே அறிவர்.

இது அரபு மன்னர்களின் பூசல் மட்டுமே என எண்ண வேண்டாம். அரசியற் பகையே இல்லாத அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. 1915இல் தோன்றிய பசிபிக் கரைப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பு, தக்க தொலைக்காட்சி ஒப்பந்தம் கிட்டாமையால் 2023இல் சிதறியது. பன்னிரண்டு உறுப்பினரில் பத்துப் பேர் வேறு கூட்டமைப்புகளை நாடினர், இருவரே எஞ்சினர். கலிபோர்னியாவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் அத்திலாந்திக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தது. தொலைக்காட்சிப் பணத்தை ஈட்டித் தருவது அமெரிக்க உதைபந்து. ஆனால் கரை விட்டுக் கரை பறந்து, வகுப்புகளை இழப்போருள் கரப்பந்தாடும் மாணவியும் ஒருத்தி. அங்கே பகை பிரித்தது என்றால், இங்கே பணம் பிரித்தது. இரண்டிலும் பாதிக்கப்பட்டோரை எவரும் கலந்தாலோசிக்கவில்லை.

ஒளிபரப்புப் பணத்தாலேயே விளையாட்டு வளர்கிறது என்பர். அதை நாம் மறுக்கவில்லை. மைதானம் கட்டவும் பயிற்சி அளிக்கவும் பணம் வேண்டும். ஆனால் அப்பணம் இறுதியில் பார்ப்பவனின் சட்டைப்பையிலிருந்தே வருகிறது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமங்களிலும் உதைபந்தோடு வளர்ந்த எம் பிள்ளைகள் வளைகுடாவின் தொழிலாளர் விடுதிகளில் வாழ்கிறார்கள். நாள் முழுதும் வெயிலில் உழைத்தவனுக்கு இரவில் ஓர் ஆட்டம் பார்ப்பது ஆடம்பரமன்று. வீட்டாரைப் பிரிந்திருக்கும் தனிமைக்கு அது ஒரு மருந்து. எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா?

வழி இல்லாமல் இல்லை. பிரித்தானியாவின் 1996ஆம் ஆண்டு ஒளிபரப்புச் சட்டம், உலகக் கிண்ணம் போன்ற பெரும் போட்டிகளைக் கட்டணமின்றிப் பார்க்க வழி காக்கிறது. இந்தியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்படும் போட்டிகளின் ஒளிபரப்பை அரச ஒளிபரப்பு நிறுவனத்துடன் பகிரக் கட்டளையிடுகிறது. இத்தகைய நியதி ஒரு நாட்டின் எல்லையோடு நின்றுவிடலாகாது. உரிமையை விற்கும் சம்மேளனங்களே, முக்கிய ஆட்டங்கள் கட்டணமின்றிக் காட்டப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதட்டும். தொழிலாளர் விடுதிகளின் பொது மண்டபங்களையும் அந்நிபந்தனையில் சேர்க்கட்டும். உறுப்புரிமையை முடக்கும் முன் ஆட்டக்காரரின் குரலைக் கேட்கட்டும்.

மைதானத்தைக் கட்டியவன் வெளியே நிற்க, வாங்கியவன் மட்டும் உள்ளே அமர்வது நீதியாகாது. ஆட்டம் ஆடுவோருக்கும் பார்ப்போருக்கும் உரியது. விற்பவரும் வாங்குபவரும் இடையில் வந்தவர்களே.