பழைய பென்ஸும் நம்மூர் ரப்பரும்

பழைய ஜெர்மானியக் கார்களைக் குறித்த பேச்சு பெரும்பாலும் எஞ்சினில் தொடங்கி எஞ்சினிலேயே முடிந்துவிடுகிறது. எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது, எத்தனை முறை ஹெட் கழற்றப்பட்டது என்று விவரமாகச் சொல்லும் நண்பர்கள்கூட, வளைவில் அந்தக் கார் எப்படிப் போகிறது என்று கேட்டால், 'பழைய வண்டிதானே, கொஞ்சம் அலையத்தான் செய்யும்' என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த அலைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் ரப்பர் என்பதே எங்கள் தரப்பு. குலசேகரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. எத்திசையில் போனாலும் ரப்பர்த் தோட்டம் எதிர்ப்படும் ஊர் இது. (1990இல் வெளிவந்த ஜெயமோகனின் முதல் நாவலுக்குப் பெயரே 'ரப்பர்'.)

நாங்கள் மனத்தில் வைத்துப் பேசுவது டபிள்யூ 124 என்று அறியப்படும் பென்ஸை. 1984இன் இறுதியில் ஜெர்மனியில் அறிமுகமாகி, 1995இல் டெல்கோவுடனான கூட்டு நிறுவனத்தின் வழியாகப் புணேயில் தயாராகத் தொடங்கிய கார். இ 220, இ 250 டி என்ற பெயர்களில் இங்கு வந்தது. இதன் பெருமை பின்சக்கர அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து தனித்தனிக் கரங்கள் பிடித்திருக்கின்றன. 1982இல் வந்த 190 என்ற சிறிய பென்ஸில் முதலில் கையாளப்பட்ட முறை இது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அதன் கோணம் அதிகம் மாறாதபடி இக்கரங்கள் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் ஒவ்வொரு கரத்தின் முனையிலும் ஒரு மூட்டு உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ரப்பர் புஷ்கள். உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்புக் குழல், இரண்டோடும் ஒட்டி வார்க்கப்பட்ட ரப்பர் நடுவில். இந்த ரப்பர் வழுக்குவதில்லை; முறுங்கித் திரும்புகிறது. இருபது முப்பது ஆண்டு வெயிலிலும் எண்ணெய்க் கசிவிலும் அது இறுகி வெடித்தபின் ஒவ்வொரு மூட்டிலும் சிறிது இடைவெளி விழுகிறது. தனித்தனியே பார்த்தால் அற்பம். எல்லாம் கூடும்போது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது, வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்புறம் தனக்கென ஒரு முடிவு எடுக்கிறது. திற்பரப்புக்கும் பேச்சிப்பாறைக்கும் போகும் ஒடுங்கிய சாலைகளில், மழை நாளில், எதிரே ஒரு பேருந்து வரும்போது அந்தச் சிறு முடிவின் விலை என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் 'மேம்படுத்துதல்' தொடங்குகிறது. ஸ்டீயரிங் தளர்வாக இருக்கிறதென்று ஸ்டீயரிங் பாக்ஸின் திருகை இறுக்குவார்கள். குற்றம் மூட்டில் இருக்க, பாக்ஸின் பற்கள் தேயும். ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டிக் காரைத் தாழ்த்துவார்கள். கரங்களின் கோணம் கெட்டு, ஒவ்வொரு குழியிலும் அடிதட்டும். பெரிய அலாய் சக்கரமும் மெலிந்த டயரும் போடுவார்கள். எங்கள் நண்பர் ஒருவரின் காருக்கு ஒரு பட்டறையில் லேத்தில் கடைந்த நைலான் புஷ் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாதம் இறுக்கமாக ஓடியது. பிறகு சத்தம், அதன்பின் அந்தக் கரம் பொருந்தியிருந்த இடமே தேய்ந்தது. பழஞ்சுவடியில் பொருள் விளங்காத சொல்லைத் தன் சொல்லால் மாற்றி அச்சிட்ட பதிப்பாசிரியர்களை நினைவூட்டும் வேலை இது.

பாலியூரித்தேன் புஷ்களைப் பரிந்துரைப்போர் வேறு வகை. அவர்கள் படித்தவர்கள், வாதம் செய்வார்கள். ரப்பரைவிடக் கடினமானது, நீடித்து உழைப்பது, எண்ணெய்க்கு அஞ்சாதது என்பார்கள். பந்தயக் காருக்கு ஒத்துக்கொள்கிறோம். ஐந்து கரங்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையில் முறுங்க வேண்டிய அமைப்பில் அந்தக் கடினமே தடை. இயற்கை ரப்பருக்கு இன்னொரு குணமும் உண்டு. இழுபடும்போது அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் வரிசைப்பட்டுப் படிகமாகின்றன. கீறல் விழுந்தால் அக்கீறலின் முனையிலேயே இது நிகழ்வதால் கிழிசல் எளிதில் முன்னேறுவதில்லை. கோடிக்கணக்கான முறை முறுங்க வேண்டிய இடத்தில் நம் மரத்துப் பால் இன்றும் விரும்பப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே, முதலில் டயர். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2314 என்றிருந்தால் 2014இன் இருபத்து மூன்றாவது வாரம். தோட்டத்து வீட்டில் நின்றே கழிந்த காரின் டயரில் பட்டன் தேயாதிருக்கும், ரப்பர் செத்திருக்கும். அதன்பின் கரங்களின் புஷ்கள், பால் ஜாயின்ட்கள், ஷாக் அப்சார்பர். புஷ்களை இடமும் வலமும் இணையாகவே மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில் வீல் அலைன்மென்ட்.

இவை எல்லாவற்றையும் வீணாக்கிவிடக்கூடிய பிழை ஒன்று உண்டு. காரைத் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே புஷ்களின் போல்ட்டை முழுதும் முறுக்கிவிடுவது. பிறகு கீழே இறக்கினால் ரப்பர் நிற்கும் நிலையிலேயே முறுங்கியிருக்கும். விலை கொடுத்து வாங்கிய புஷ் சில மாதங்களில் கிழியும், பழி கம்பெனிமேல் விழும். கார் தன் எடையில் நிற்கும் உயரத்துக்குச் சக்கரத்தை ஏற்றி வைத்து இறுதி முறுக்கு கொடுக்க வேண்டும். அரை மணி நேரக் கூடுதல் வேலை. அதைச் செய்ய மறுக்கும் பட்டறையில் காரை விடாதீர்கள் என்போம்.

2022 ஏப்ரல் முதல், பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்த்தப்பட்டது. வயதை எண்ணும் அரசு, புதிய புஷ்களோடு நேராக ஓடும் முப்பது வயதுக் காரையும், மூட்டெல்லாம் கழன்ற பதினைந்து வயதுக் காரையும் அப்போது ஒரே மாதிரிப் பார்த்தது. மேற்சொன்ன நண்பரின் காரில் நைலானை எறிந்துவிட்டு ரப்பர் போட்டாகிவிட்டது. பின் சப்ஃபிரேமின் நான்கு ரப்பர் மவுண்ட்கள் மட்டும் பாக்கி. தென்மேற்குப் பருவமழைக்கு முன் அவற்றை மாற்றிவிடச் சொல்லியிருக்கிறோம்.