கால்வாயைத் துப்புரவு செய்தால் மட்டும் போதுமா?

கிருலப்பனைச் சந்தைக்கு அண்மையில் உள்ள ஓர் ஒழுங்கையில் எமக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று வாழ்கின்றது. குடும்பத் தலைவர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் அவருக்கு மாரடைப்பு உண்டாயிற்று. உரிய வேளையில் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டு, அடைபட்ட இருதய நாடியில் 'ஸ்டென்ற்' எனப்படும் சிறு வலைக்குழாய் பொருத்தப்பெற்று, உயிர் தப்பி வீடு வந்தார்.

மூன்று மாதம் கழித்துக் குருதிப் பரிசோதனை செய்தபோது, தீய கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல். அளவு 62 என்றிருந்தது. பெரியவருக்குப் பெருமகிழ்ச்சி. அறிக்கையை மடித்துச் சுவாமிப் படத்தின் கீழ் வைத்தார். மறுநாள் முதல் கொலஸ்ட்ரோல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒருவருக்கும் சொல்லவில்லை. நான்கு மாதம் சென்று மீண்டும் பரிசோதித்தபோது அதே அளவு 141 ஆக ஏறியிருந்தது. வீட்டார் திகைத்தனர். அலுமாரி இழுப்பறையிற் பிரிக்கப்படாமற் கிடந்த மாத்திரை அட்டைகளை மருமகளே கண்டெடுத்தாள்.

"வருத்தம் மாறின பிறகும் மருந்து எதற்குப் பிள்ளை?" என்றார் அவர்.

"அது மாறினது மருந்தாலே அல்லவோ மாமா?" என்றாள் அவள்.

அந்த ஒரு வார்த்தையில் இவ்விடயத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. பெரியவர் அறிவற்றவர் அல்லர். காய்ச்சல் மாறினால் மருந்தை நிறுத்துகிறோம். அதே வழக்கத்தை இங்கும் கைக்கொண்டார். ஆனால் கொலஸ்ட்ரோல் காய்ச்சலைப் போன்றதன்று.

கிருலப்பனைக் கால்வாயைப் பார்த்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஓரிடத்திற் குப்பை அடைத்து நீர் தேங்கினால் அவ்விடத்தைத் தோண்டி வழி செய்கிறார்கள். ஆனால் மேலிருந்து குப்பையும் வண்டலும் வந்துகொண்டே இருந்தால், இன்று திறந்த இடம் நாளை அடைபடும். இன்று திறந்திருக்கும் வேறோர் இடமும் அடைபடும். ஸ்டென்ற் திறந்து வைப்பது ஓரிடத்தையே. நாடிகள் எங்கணும் கொழுப்புப் படியாமற் காப்பது நாள்தோறும் விழுங்கும் மாத்திரையும் நாள்தோறும் உண்ணும் உணவுமாகும்.

கொலஸ்ட்ரோல் உணவில் இருந்து மட்டும் வருவதன்று. அதன் பெரும்பகுதியை எமது ஈரலே உற்பத்தி செய்கின்றது. யப்பானிய விஞ்ஞானி அக்கிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களை ஆராய்ந்து, அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சணத்திலிருந்து 1973 ஆம் ஆண்டில் இவ்வுற்பத்தியைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டறிந்தார். 'ஸ்ரற்றின்' எனும் மருந்தினத்தின் தொடக்கம் அதுவே. ஈரலில் உற்பத்தி குறையும்போது, அது குருதியிலுள்ள எல்.டி.எல்.லை முன்னிலும் அதிகமாக உள்ளிழுத்துக் கொள்கின்றது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் ஈரல் தன் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். பெரியவரின் அறிக்கை காட்டியது இதனையே.

இம்மருந்து உயிரைக் காக்கின்றதா? வட ஐரோப்பிய நாடுகளில் இருதய நோயுற்ற 4,444 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 1994 ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். வெறும் மாத்திரை உட்கொண்டவர்களில் 256 பேரும், சிம்வாஸ்ரற்றின் உட்கொண்டவர்களில் 182 பேரும் இறந்திருந்தனர். இரு பிரிவினரும் ஏறக்குறையச் சம தொகையினர் என்பதை நினைவிற் கொண்டு, அவ்விரு எண்களின் வேறுபாட்டை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மாரடைப்புக் கண்டவருக்கு எல்.டி.எல். அளவு ஒரு டெசிலீற்றரில் 55 மில்லிகிராமுக்குக் கீழ் இருத்தல் நன்று என 2019 ஆம் ஆண்டின் ஐரோப்பிய இருதய மருத்துவ வழிகாட்டல் கூறுகின்றது. பரிசோதனைத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும் 'சாதாரண அளவு' நோயற்றவருக்கு உரியது. மாரடைப்புக் கண்டவருக்கு அது போதாது. மருந்து தொடங்கியபின் நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மீண்டும் பரிசோதிப்பர். அளவு போதியபடி குறையாவிட்டால் வைத்தியர் அளவைக் கூட்டுவார். அன்றி 'எஸற்றிமைப்' போன்ற வேறொரு மருந்தைச் சேர்ப்பார்.

மாத்திரையால் உடல் உளைகின்றது என்று சிலர் நிறுத்துவர். அத்தகையோரில் 60 பேரைக் கொண்டு இலண்டனில் நடத்தி 2020 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஸ்ரற்றின் உண்ட காலத்திற் கண்ட உபாதைகளின் பெரும்பகுதி வெறும் மாத்திரை உண்ட காலத்திலும் காணப்பட்டது. ஆகவே அச்சமும் நோவைப் பெருக்கும் என அறிக. ஆயினும் நோவைப் பொய்யென்று தள்ளிவிடுதலும் தகாது. தசைநோவு கடுமையாயின், அல்லது சிறுநீர் கருநிறமாயின், உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். அவர் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். தாமாக நிறுத்துதல் மட்டும் கூடாது.

இன்னொரு தவறும் எமது வீடுகளில் நிகழ்கின்றது. கிளினிக்கில் தந்த மாத்திரை ஒரு பெயரிலும், தனியார் மருந்தகத்தில் வாங்கியது வேறு பெயரிலும் இருக்கும். இரண்டும் ஒரே மருந்தாயிருக்க, ஒருவர் இரண்டையும் விழுங்குவார். வேறொருவர் இலவச மருந்து தரக்குறைவென எண்ணி ஒதுக்குவார். வணிகப் பெயரை விட்டு மருந்தின் உண்மைப் பெயரை நோக்குமாறு வற்புறுத்தியவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. அவருடைய முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. அட்டையில் 'அற்றோர்வாஸ்ரற்றின்' என்ற பெயரைத் தேடிப் படிக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள பாடசாலைப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். 2022 ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டை நாம் மறக்கவில்லை; ஆகையால் கடைசி அட்டை முடியும்வரை காத்திராது அடுத்ததைப் பெற்று வைத்தல் வேண்டும்.

இனி அடுக்களைக்கு வருவோம். தேங்காயிற் கொலஸ்ட்ரோல் இல்லை என்பது மெய்யே. ஆயினும் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய நூற்றுக்கு 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு உண்டு, அது எல்.டி.எல்.லைக் கூட்டும். கட்டிப்பாலை விட்டு இரண்டாம் பாலைச் சிறிதளவு சேர்த்துச் சொதி வைக்கலாம். பொரியலுக்குப் பதில் அவியல், நெய்க்கும் வடைக்கும் பதில் அவித்த கடலை, பயறு, கீரை, வெண்டைக்காய், பொரிக்காத மீன் எனக் கொள்ளலாம். புகைத்தலை முற்றாக விடல் வேண்டும். வைத்தியர் அனுமதித்தபடி நாள்தோறும் நடத்தலும் வேண்டும்.

ஆனால் நோயாளிக்கு மட்டும் தனிச்சட்டி வைப்பது நன்றன்று. மற்றவர் பொரியல் உண்ண, தாம் மட்டும் அவித்த கீரையை உண்பவர் தண்டனை பெற்றவர் போல் மனம் சோர்வார். குடும்பம் முழுவதும் ஒரே உணவை உண்டால் அவருக்கும் ஆறுதல். மற்றவர் நாடிகளுக்கும் நன்மை. இளவயதில் மாரடைப்புக் கண்டவரின் சகோதரரும் பிள்ளைகளும் தம் கொலஸ்ட்ரோலைப் பரிசோதித்துக் கொள்ளல் அவசியம்.

எமது கிருலப்பனைப் பெரியவரின் வீட்டில் இப்பொழுது ஏச்சும் இல்லை, காவலும் இல்லை. இராச்சாப்பாடு முடிந்ததும் மருமகள் தண்ணீர்ச் செம்பையும் மாத்திரையையும் அருகில் வைத்து, "மாமா, இன்றைய கணக்கு" என்கிறாள். எழுதுவினைஞர் அல்லவா? விழுங்கியபின் நாட்காட்டியில் தம் கையாலேயே ஒரு கோடு இடுகின்றார். மறைப்பதற்கு இப்போது அவரிடம் ஒன்றுமில்லை. நோயாளிக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. அருகிருந்து தண்ணீர் தருபவரே உண்மையில் உதவுபவர்.