காயில் எரிந்தால் கேபிளையும் பாருங்கள்

மோட்டார் காயில் எரிந்தால், 'வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும்' என்று சொல்லிவிடுகிறோம். சோலார் பம்ப்செட்டுக்கு இந்தப் பதில் போதாது. காரணம் தெரியாமல் புதிதாகக் காயில் கட்டி இறக்கினால், அதுவும் எரியலாம்.

பேனல் தரும் நேர்திசை மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ற மூன்று பேஸ் மின்சாரமாக மாற்றுவது கன்ட்ரோலர் பெட்டி. அதிலுள்ள சுவிட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகின்றன. கேபிள் நீளமாக இருந்தால், இந்தத் துடிப்புகள் மோட்டாரில் மோதித் திரும்பும்போது வோல்டேஜ் இரு மடங்கு வரை எகிறும். 600 வோல்ட் 1,200-ஐத் தொடலாம். அந்த அடியில் பெரும்பகுதி காயிலின் முதல் சில சுற்றுகளில் விழுகிறது. இன்சுலேஷன் அங்குதான் முதலில் பழுதாகிறது.

கொல்லிமலை விவசாயிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் நிழலில் பேனல் வைக்க முடியாது. வெயில் விழும் மேட்டில் பேனலும் கன்ட்ரோலரும், பள்ளத்தில் கிணறும் அமைந்தால் கேபிள் நீண்டுவிடும். கன்ட்ரோலரின் திறனும் பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்கே கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் காற்று அடர்த்தி குறைவதால் பெட்டியின் சூடு எளிதில் தணியாது.

எனவே கன்ட்ரோலரைக் கிணற்றுக்கு அருகில், நிழலில் வையுங்கள். பேனலிலிருந்து வரும் ஒயர் நீண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒயரின் கனம் மட்டும் போதுமானதாக இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் கேபிளைக் குறைக்க வழியில்லை. அங்கே கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் இடையில் ஃபில்டர் பொருத்தக் கேளுங்கள். இன்வெர்ட்டரில் ஓடத் தகுந்த மோட்டார்தானா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மெக்கானிக்குகளுக்கு ஒரு சொல்: மெக்கர் கருவி, காயிலுக்கும் பாடிக்கும் இடையிலான இன்சுலேஷனைத்தான் காட்டும். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே உள்ள பழுதைக் காட்டாது. மெக்கர் போடும் முன் கன்ட்ரோலர் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் அதுவும் கெட்டுவிடும்.

2019-இல் தொடங்கிய பிஎம்-குசும் திட்டத்தில் மானியத்துடன் சோலார் பம்ப்செட் கிடைக்கிறது. தமிழகத்தில் இதைச் செயல்படுத்தும் வேளாண்மைப் பொறியியல் துறை, இடத்தைப் பார்வையிடும்போதே கேபிள் நீளத்தையும் பதிவு செய்ய வேண்டும். நீளம் அதிகமானால் ஃபில்டரைக் கட்டாயமாக்கி, அதன் விலையையும் மானியக் கணக்கில் சேர்க்க வேண்டும். பம்ப்செட்டுக்கு மானியம் கொடுத்துவிட்டு, அதைக் காக்கும் ஒரு பொருளை விட்டுவிட்டால், காயில் கட்டும் செலவும் காய்ந்த பயிரும் விவசாயியின் தலையில்தான் விழும்.