புளி மிட்டாயில் புளி எங்கே?

போன மாசி மாதம் என் பேரன் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டான். உலகத்துப் புளிப்பெல்லாம் ஒரே பையில் என்று அட்டையில் போட்டிருந்தது. ஜப்பானின் யூசு, பிலிப்பைன்ஸின் கலமன்சி, பிரேசிலின் பேஷன் ஃப்ரூட், நம்மூர்ப் புளி என்று நான்கு நிறத்தில் கம்மி மிட்டாய்கள். "கண்ணை மூடிக்கிட்டு எது எதுன்னு சொல்லு பாட்டி" என்றான். மேலே ஒட்டியிருந்த வெள்ளைப் பொடி நாக்கில் பட்டதும் கன்னம் உட்பக்கமாக இழுத்துக்கொண்டது. நான்கையும் மென்று பார்த்தேன். வாசனை மாறியதே தவிர, புளிப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான். அவனும் கண்ணை மூடிக்கொண்டு நான்கையும் தின்றுவிட்டு அதையேதான் சொன்னான்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், ஜெலட்டின், அமிலங்கள் 330, 296, நிறங்கள் 102, 110, 150, அப்புறம் சேர்க்கப்பட்ட வாசனை. பழம் என்ற சொல்லே அங்கே இல்லை.

29 வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். இந்த எண்கள் எனக்குப் பழக்கமானவை. 330 சிட்ரிக் அமிலம், 296 மாலிக் அமிலம். யூசு, கலமன்சி, பேஷன் ஃப்ரூட் மூன்றிலும் சிட்ரிக் அமிலமே முதன்மை என்பதால், அவற்றின் புளிப்பாவது ஓரளவு பொருந்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் புளியில் முதன்மையாக இருப்பது டார்டாரிக் அமிலம். அதன் எண் 334. அது அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. புளி என்று பெயர் வைத்த மிட்டாயில் புளியும் இல்லை, புளியின் அமிலமும் இல்லை.

சிட்ரிக் அமிலத்தை நான் குறை சொல்லவில்லை. 1784-இல் வேதியியலாளர் ஷீலே அதை எலுமிச்சைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். இன்று பெரும்பகுதியை, சர்க்கரைக் கரைசலில் ஒரு கறுப்புப் பூஞ்சையை வளர்த்துத் தயாரிக்கிறார்கள். எங்கிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். எனக்குக் கோபமெல்லாம் அதன்மேல் ஒட்டும் பெயரைப் பற்றித்தான்.

அன்று மாலை பேரனைக் கொல்லைப்புறப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். செங்காயாக ஒன்று பறித்து ஓட்டை நொறுக்கிக் கொடுத்தேன். பாதி பச்சை, பாதி பழுப்பு. நாரை உரித்துவிட்டு ஓரத்தைக் கடித்தான். முதலில் பல் கூசியது. அப்புறம் லேசான துவர்ப்பு, கடைசியில் நாக்கின் நுனியில் ஒரு தித்திப்பு. பெரும்பாலான பழங்களில் பழுக்கப் பழுக்கப் புளிப்பு இறங்கும். புளி பழுத்தாலும் அமிலம் குறைவதில்லை, சர்க்கரைதான் கூடுகிறது. அதனால்தான் பழுத்த புளியில் இரண்டும் சேர்ந்தே உறைக்கின்றன. "கொட்டையை என்ன பண்ண பாட்டி?" என்று உள்ளங்கையில் வைத்து நீட்டினான். ஏழு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது?

உலகத்துப் புளிப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டட்டும், மனதாரச் சொல்கிறேன். அதில் எவ்வளவோ இருக்கிறது. யூசுவின் உயிரே தோலின் மணத்தில்தான். ஜப்பானில் குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு வரும் நாளில் அதை முழுசாக வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளிக்கிறார்கள். ஸ்பானியர்கள் கொண்டுபோன புளி மெக்சிகோவில் வேரூன்றி, அங்கே புளியோடு சர்க்கரை, உப்பு, மிளகாய்த்தூள் பிசைந்து மிட்டாய் செய்கிறார்கள். நம் பள்ளிக்கூட வாசலில் விற்கும் இலந்தை வடையில் இலந்தைப் பழத்தை வெல்லம், உப்பு, மிளகாயோடு இடித்துத் தட்டுகிறோமே, அதே கைப்பக்குவம். நம் வேலியோரத்துக் கொடுக்காப்புளிக்குப் பூர்வீகமே மெக்சிகோதான். இத்தனை கதையும் பழத்தோடுதான் வருகிறது, வாசனைப் புட்டியில் வராது.

பழத்தைச் சேர்த்து இந்த மிட்டாயைச் செய்ய முடியாதா என்றால், தாராளமாக முடியும். ஜெலட்டினுக்குப் பதில் பெக்டின் போட்டும் கம்மி செய்கிறார்கள். எலுமிச்சை வகைகளின் தோலிலிருந்து எடுப்பது அது. கொய்யாவில் இயற்கையாகவே நிறைய இருக்கிறது. புளிக்கரைசலையோ நெல்லிக்காய் விழுதையோ அதோடு காய்ச்சி வார்த்தால் பெயருக்கேற்ற மிட்டாய் கிடைக்கும். செலவு கூடும், நிறமும் மங்கலாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

   

பழம் சேர்க்காதவர்கள் அதை அட்டையிலாவது சொல்லட்டும். நம் நாட்டில் சைவமா அசைவமா என்பதைப் பாக்கெட்டில் உள்ள பச்சை, பழுப்பு முத்திரையைப் பார்த்தே எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கண்டுகொள்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 102, 110 போன்ற நிறங்கள் சேர்த்தால், குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று 2010 முதல் அச்சிட்டாக வேண்டும். ஆகவே, எழுதவைக்க முடியும். பழத்தின் படம் போடுகிற அதே முன்பக்கத்தில், பழத்தின் பெயர் இருக்கிற அதே அளவு எழுத்தில், உள்ளே அந்தப் பழம் எத்தனை சதவீதம் என்று போடட்டும். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே, தமிழிலும் போடட்டும். என் பேரன் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருக்கிறான்.