போனாயா என்று மட்டும் கேட்டால் போதுமா?

பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். ஐடி கம்பெனிகளில் இருக்கும் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும். கடைசியில் உங்களுக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது.

பேத்தி பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்திருக்கிறாள். அவளோடு உட்கார்ந்து நானும் படிக்கிறேன். 2019-20ல் வந்த புதிய பாடத்திட்டப் புத்தகம். பைத்தானைத் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் கொண்டு வந்த நல்ல புத்தகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 14ஆவது பாடத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சி++ நிரலைப் பைத்தானுக்குள் கொண்டு வருவது பற்றிய பாடம் அது. உண்மையில் எதுவும் உள்ளே வரவில்லை. கமாண்ட் பிராம்ப்டில் நாம் கையால் தட்டும் கட்டளையைப் பைத்தான் நமக்காகத் தட்டுகிறது, அவ்வளவுதான். 'ஜி++' என்பதையும் கோப்பின் பெயரையும் கூட்டல் குறி போட்டு ஒட்டி, ஓஎஸ்.சிஸ்டம் என்ற செயற்கூறிடம் கொடுக்கிறார்கள். நிரல்பெயர்ப்பி ஓடுகிறது. அடுத்த ஓஎஸ்.சிஸ்டம் அந்த எக்ஸி கோப்பை இயக்குகிறது. பாடம் முடிந்தது.

என் முதல் சண்டை இது. ஜி++ வேலையை முடித்ததா என்று அந்த நிரல் கேட்கவே இல்லை. ஓஎஸ்.சிஸ்டம் ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. 0 வந்தால் வெற்றி, வேறு எது வந்தாலும் கோளாறு. (நம் வகுப்பில் பூஜ்யம் வாங்கினால் அழுவீர்கள், இங்கே பூஜ்யத்துக்குத்தான் பாராட்டு!) அந்த எண்ணை வாங்கிப் பார்க்காமலே கீழே போட்டுவிடுகிறார்கள். விளைவு என்ன? நேற்று சரியாக ஓடிய நிரலை இன்று பிள்ளை திருத்துகிறாள், ஓர் அரைப்புள்ளி விட்டுப்போகிறது. பிழைச்செய்தி வரும், ஆனால் நேற்றைய எக்ஸி கோப்பு அப்படியே கிடக்கும். நிரல் நிற்காமல் அதையே ஓட்டி, பழைய விடையைப் புதிய விடை போலக் காட்டும். பிள்ளை குழம்பிப் போவாள்.

இரண்டாவது, விடை யாருக்கு வந்தது? திரைக்கு. பைத்தானுக்கு அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. கடைத்தெருவுக்கு அனுப்பிய பையன் திரும்பி வந்து "போனேன்" என்று மட்டும் சொல்கிறான், பை எங்கே என்று நாம் கேட்கவில்லை. விடையைக் கையில் வாங்கினால்தானே கூட்டலாம், சரிபார்க்கலாம், கோப்பில் எழுதலாம்?

மூன்றாவது, ஒட்டு வேலை. கோப்பின் பெயரில் ஓர் இடைவெளி இருந்தால் பெயர் இரண்டாக உடையும். விண்டோஸில் '&' குறி இருந்தால் அதற்குப் பிறகு வருவது இன்னொரு கட்டளையாகவே ஓடிவிடும். அங்கே யாராவது அழிக்கும் கட்டளையை எழுதி வைத்தால்? வெளியாள் கொடுக்கும் சொல்லை அப்படியே கட்டளையோடு ஒட்டுவது ஆபத்து என்பதைப் பதினேழு வயதிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

இதற்கெல்லாம் வழி இல்லையா என்றால், பழைய வழியே இருக்கிறது. சப்ப்ராசஸ் என்ற தொகுதி 2004லேயே பைத்தான் 2.4உடன் வந்துவிட்டது. ரன் என்ற செயற்கூறு 2015ல் வந்தது. வெளியீட்டைப் பிடித்துக் கொடுக்கும் கேப்சர்_அவுட்புட் 2018ல், 3.7 பதிப்பில் வந்தது. பாடப்புத்தகம் அதற்கும் அடுத்த ஆண்டு. ஓஎஸ்.சிஸ்டத்தைவிட சப்ப்ராசஸையே பயன்படுத்துங்கள் என்று பைத்தானின் சொந்த ஆவணமே சொல்கிறது.

அதில் கட்டளையை ஒட்ட வேண்டாம், ஒவ்வொரு சொல்லையும் லிஸ்டில் தனித்தனியாகக் கொடுத்தால் போதும். திரும்பி வருவதில் மூன்று இருக்கும்: ரிட்டர்ன்கோட், விடை, பிழைச்செய்தி. டெக்ஸ்ட்=ட்ரூ என்று சேர்த்தால் விடை நேராக எழுத்தாகவே வரும். எண் கேட்கும் சி++ நிரல் என்றால் அந்த எண்ணையும் இன்புட் என்று முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.

"பிளஸ் டூவுக்கு இது போதும் சார், கஷ்டமாக்காதீங்க" என்று ஒருவர் சொன்னார். கூடுதலாக ஆகப்போவது நாலே வரி. கஷ்டம் எது தெரியுமா? அர்த்தம் புரியாத நிரலை மனப்பாடம் செய்து ஐந்து மார்க் கேள்விக்கு எழுதுவதுதான். "இடைநிலை ஆசிரியருக்குக் கம்ப்யூட்டர் எதற்கு" என்றும் கேட்பார்கள். கழித்தலைச் சொல்லிக் கொடுத்தபோது விடையோடு கழித்த எண்ணைக் கூட்டிச் சரிபார்க்காமல் நான் யாருக்காவது 'சரி' போட்டிருக்கிறேனா? நீங்களே சாட்சி. அதே பாடம்தான் இது.

இப்போது வீட்டுப்பாடம். பெங்களூரு, சென்னை, சிங்கப்பூர் என்று இருப்பவர்கள் அடுத்த முறை திருச்சி வரும்போது, தெருவில் இருக்கும் ஒரு பிளஸ் டூ பிள்ளையோடு அரை மணி நேரம் உட்காருங்கள். 14ஆவது பாடத்து நிரலை அப்படியே ஓட்டுங்கள். பிறகு ஓர் அரைப்புள்ளியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டிக் காட்டுங்கள். அதன்பின் சப்ப்ராசஸில் மாற்றி எழுதுங்கள். தேர்வில் புத்தகத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள், மார்க் முக்கியம். மாற்றி எழுதிய நிரலைக் கீழே கமெண்டில் போடுங்கள். எல்லாவற்றையும் தொகுத்துப் பாடநூல் தயாரிப்பவர்களுக்கு நானே கடிதம் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்