கரிநெருப்பின் அருகே இரண்டு முறை

நம் ஊர்களில் ஒருவர் செய்த தப்பு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டால் லேசில் உதிராது. 'சீட்டுப் பணத்தை ஏமாத்தினாரே, அவர்தானே?' என்று இருபது வருடம் கழித்தும் கேட்பார்கள். அந்தப் பணத்தை அவர் திருப்பிக் கொடுத்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது. சில சமயம் ஊரே மறந்துவிடும். தப்பு செய்தவர் மறக்க மாட்டார். கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவார்.

இப்படி விழுந்தவர் பழைய இடத்துக்குத் திரும்பி வர முடியுமா? கிறிஸ்தவ மார்க்கம் இந்தக் கேள்வியைத் தன் முதல் நாட்களிலேயே சந்தித்தது. விழுந்தவர் யாரோ ஒருவர் இல்லை. இயேசுவின் சீடர்களில் முதலாவதாகப் பெயர் சொல்லப்படும் பேதுரு.

கடைசி இரவு விருந்தில், 'எல்லோரும் உங்களை விட்டு ஓடினாலும் நான் ஓட மாட்டேன்' என்ற பொருளில் அழுத்தமாகச் சொன்னவர் அவர். சில மணி நேரம்தான் ஆனது. இயேசுவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பேதுரு பின்னாலேயே போய், பிரதான ஆசாரியரின் வீட்டு முற்றத்தில் நின்றார். குளிருக்குக் கரிநெருப்பு மூட்டியிருந்தார்கள். அவரும் குளிர்காய்ந்தார். ஒரு வேலைக்காரப் பெண் அவரைப் பார்த்து, 'நீயும் அந்த ஆளோடு இருந்தவன்தானே?' என்றாள். இல்லை என்றார். மறுபடி கேட்டார்கள், மறுபடி இல்லை. மூன்றாவது முறை சத்தியம் பண்ணியே சொன்னார். சேவல் கூவியது. வெளியே போய் மனம் கசந்து அழுதார்.

இந்தச் சம்பவத்தை நான்கு நற்செய்தி நூல்களும் எழுதிவைத்திருக்கின்றன. ஒன்றுகூட மறைக்கவில்லை. எருசலேமில் சீயோன் மலைச் சரிவில் இதை நினைவுகூரும் ஓர் ஆலயமும் இருக்கிறது. 'சேவல் கூவிய இடத்துப் பேதுரு' என்பது அதன் பெயரின் பொருள். கூரை உச்சியில் ஒரு சேவல் நிற்கிறது. பெரியவர்களின் பெருமையைச் சொல்லக் கோயில் கட்டுவார்கள். இங்கே ஒரு பெரியவர் தலைகுனிந்த இடத்தில் கட்டியிருக்கிறார்கள்!

அதே இரவில் விழுந்த இன்னொருவர் யூதாஸ். அவரும் மனம் வருந்தினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தப்பை ஒப்புக்கொண்டார். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனார். ஆனால், அவர் போய் நின்ற இடத்தில் இருந்தவர்கள், 'அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும், உன் பாடு' என்கிற மாதிரி கைவிரித்துவிட்டார்கள். தனியாகப் போனார், உயிரை மாய்த்துக்கொண்டார். பேதுரு அழுதாலும் மற்றச் சீடர்களை விட்டு விலகவில்லை. கல்லறைக்குப் போன பெண்களிடம், சீடர்களுக்கும் பேதுருவுக்கும் சொல்லுங்கள் என்று அவர் பெயரைத் தனியே குறிப்பிட்டுச் செய்தி சொல்லி அனுப்பப்பட்டதாக மாற்கு எழுதுகிறார். தன் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது என்று தெரிவதுதான், விழுந்தவருக்கு முதல் மருந்து.

பிறகு கலிலேயா ஏரிக்கரை. சீடர்கள் ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. விடியற்காலையில், கரையில் நின்ற இயேசு சொன்னபடி வலை வீசி, நிறைய மீனோடு வருகிறார்கள். கரையிலோ, ஏற்கெனவே நெருப்பு மூட்டி மீனும் ரொட்டியும் தயாராக இருக்கிறது. தமிழ் பைபிளில் யோவான் எழுதிய நூலைப் புரட்டிப் பாருங்கள். இங்கேயும் 'கரிநெருப்பு' என்றே இருக்கும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் வருவது இரண்டே இடங்களில்தான். ஒன்று பேதுரு மறுதலித்த முற்றம், இன்னொன்று இந்தக் கரை.

அந்தப் புகை வாசனை பேதுருவை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று நாமே ஊகிக்கலாம். ஆனால் இயேசு உடனே விசாரணையை ஆரம்பிக்கவில்லை. முதலில் சாப்பிடக் கூப்பிட்டார். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் பேச்சு. 'ஏன் அப்படிச் செய்தாய்?' என்று கேட்கவில்லை. தன்மேல் அன்பு இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்டதும் பேதுருவுக்கு வலித்தது. மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. நடந்ததை நடக்காத மாதிரி மூடிவைக்கவில்லை. திறந்துதான் மருந்து போட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ஒரு பொறுப்பையும் கொடுத்தார்: என் ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று. தப்ஹாவில் அந்தக் கரையில் 1933-ல் கருங்கற்களால் கட்டிய ஒரு சிறிய ஆலயம் இன்றும் இருக்கிறது.

மன்னிப்பு வேறு, மீட்டெடுத்து நிறுத்துவது வேறு. 'சரி, விடு' என்பது மன்னிப்பு. 'வா, இந்தச் சாவியை நீயே வைத்துக்கொள்' என்பது மீட்பு. பேதுருவுக்கு இரண்டும் கிடைத்தன.

சரி, தலைவருக்குக் கிடைத்தது சாதாரண மக்களுக்கும் கிடைத்ததா? இருநூறு வருடம் கழித்து அந்தச் சோதனை வந்தது. கி.பி. 250-ல் ரோமப் பேரரசர் டெசியஸ், எல்லோரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்தில் அப்படிப்பட்ட பப்பைரஸ் சான்றிதழ்கள் 40-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. உயிருக்குப் பயந்து ஏராளமான கிறிஸ்தவர்கள் பலி கொடுத்தார்கள். சிலர் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கினார்கள். ஆபத்து தணிந்ததும் இவர்கள் அழுதுகொண்டே சபையின் வாசலுக்கு வந்தார்கள்.

உள்ளே இருந்தவர்களில் சிறையில் வதைபட்டவர்கள் உண்டு. உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அவர்கள் கோபம் நியாயமானதுதானே? 'இவர்களைச் சபை ஒருபோதும் திரும்பச் சேர்க்கக்கூடாது' என்றார் ரோமில் நொவேஷியன். 'உடனே சேர்த்துவிடலாம்' என்றார்கள் வேறு சிலர். இன்றைய துனிசியாவில் இருக்கும் கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியன் நடுவழியைப் பிடித்தார். 251-ல் ஆயர்கள் கூடி, கதவைச் சாத்துவதில்லை, ஆனால் ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியே கேட்டு, மனந்திரும்புதலுக்குக் காலம் கொடுத்துச் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். அடுத்த துன்புறுத்தல் நெருங்கியபோது, காத்திருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆபத்தைத் தனியாகச் சந்திக்க அவர்களை விடக்கூடாது என்பதுதான் காரணம்.

சிப்ரியனே 250-ல் ஒளிந்திருந்தவர். அதற்காகப் பேச்சும் வாங்கினார். 258-ல் மறுபடி கைதானபோது பின்வாங்காமல் உயிரைக் கொடுத்தார்.

325-ல் கூடிய நைசீயா சங்கம், கட்டாயமே இல்லாமல் விழுந்தவர்களுக்குக்கூடத் திரும்பும் வழி வைத்தது. மொத்தம் 12 வருடம், படிப்படியாக. சாகக் கிடப்பவர் கேட்டால் மட்டும் காத்திருக்க வைக்கக்கூடாது என்றது.

12 வருடம் அதிகம் என்று தோன்றலாம். ஆனால் அதில் நம் வீடுகளுக்கு ஒரு சேதி இருக்கிறது. குடியை விட்டுவிட்டேன் என்று கணவர் சொல்லலாம். ஆன்லைன் சூதாட்டத்தில் வீட்டு நகையைத் தொலைத்த பிள்ளை காலில் விழலாம். மன்னிப்பதை ஒரே நாளில் செய்யலாம். நம்பிக்கை மட்டும் மெதுவாகத்தான் முளைக்கும். அடிபட்டவரிடம் போய், 'அதான் மன்னிப்புக் கேட்டாச்சே, இன்னும் என்ன?' என்று அவசரப்படுத்துவது அநியாயம். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருகிறேன் என்ற வரி வசூலிப்பவர் சகேயுவின் கதையும் அதே பைபிளில்தான் இருக்கிறது. வருத்தம் உண்மை என்றால் கை பாக்கெட்டுக்குள்ளும் போகும்.

இன்னொன்று. ஏரிக்கரையில் நிமிர்ந்த பேதுரு அதற்குப் பிறகு சறுக்கவே இல்லையா? சறுக்கினார். அந்தியோக்கியாவில் யூதரல்லாதவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர், சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். அதற்காக யாரும் பழைய முற்றத்துக் கதையை எடுத்து, 'இவன் அன்னைக்கே அப்படித்தான்' என்று சொன்னதாக எங்கும் எழுதப்படவில்லை. புதுத் தப்பைப் புதுத் தப்பாக மட்டும் பேசுவதும் ஒருவகை மன்னிப்புதான்.

விழுந்த ஒருவர் இந்த வாரம் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். கேட்க வேண்டியதை நிச்சயம் கேளுங்கள். ஆனால் முதலில் ஒரு தட்டு போட்டு, சாப்பிடச் சொல்லுங்கள்.