முன்பணமா, முழு உரிமையா?

ஆரணித் தெருக்களிலே தறியோசை கேட்டதுண்டா, தோழரே? குழியில் கால் பதித்து, நாடா எறிந்து, பாவும் ஊடையும் பின்னிப் பட்டுச் சேலை நெய்கிறார் நெசவாளி. சேலை அவர் கைவண்ணம். விலை கூறும் உரிமையோ பட்டும் சரிகையும் முன்பணமும் தந்தவர் கையில்! மகளின் மணச் செலவுக்கெனக் கனிவோடு நீட்டிய பணம், பிறருக்கு நெய்யவொட்டாது கட்டிப்போடும் கயிறாகிவிடுகிறது.

இணையம் வந்தது. ஆரணிச் சேலையைக் கோலாலம்பூரில் இருப்பவர் காணலாம், நெய்தவரிடமே விலை பேசலாம் என்ற நிலை பிறந்தது. ஆனால், அந்தச் சந்தைக்குச் செல்லும் சாலை யாருடையது?

2015-ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனம் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தோடு வந்தது. ஏழைக்கு இலவச இணையமாம்! திறந்ததோ முழு இணையமன்று. அந்நிறுவனம் வகுத்த நெறிக்கு உட்பட்ட சில தளங்கள் மட்டுமே. மற்றவற்றுக்குக் காசு! முன்பணக் கதையேதான், உடை மட்டும் புதிது.

மக்கள் ஏமாறவில்லை. இணையச் சமன்மை வேண்டுமென்று அதே ஆண்டில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தை எட்டின. 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் விதி வகுத்தது: எதைப் பார்க்கிறார் என்பதைக் கொண்டு கட்டணத்தில் பேதம் காட்டலாகாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், 50 இலட்சம் வரை தண்டம்.

“ஏழைக்குக் கிடைப்பதைத் தடுக்கலாமா?” என்றனர் சிலர். கொடுக்கட்டும், முழு இணையத்தையும் கொடுக்கட்டும்! பசித்தவனுக்குச் சோறு போடுவது அறம். ‘என் கடையில் மட்டுமே உண்' என்பது வாணிபம்.

போராட்டம் முடிந்துவிடவில்லை. பெருந்தளங்கள் தங்களுக்குத் தனிப் பங்கு செலுத்த வேண்டுமென்று 2023-இல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குரல் எழுப்பின. இன்று பெருந்தளத்திடம் கேட்கும் சுங்கம், நாளை ஆரணி நெசவாளியின் சிறுதளத்திடமும் கேட்கப்படாது என்பதற்கு யார் பொறுப்பு?

சாலை மட்டும் போதாது. சாலையில் செல்பவரை வேவு பார்க்கலாகாது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வந்த சட்டமோ, தன் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கே வழங்கியது. ஊருக்குத்தான் உபதேசமா?

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டு செல்லும் திட்டம் நம் கண்முன் இருக்கிறது. அந்த இழை ஒவ்வொரு தறிக்கூடத்தையும் எட்ட வேண்டும். எட்டும்போது பேதமற்றதாக, வேவற்றதாக எட்ட வேண்டும். பாவிலே ஓரிழை தளர்ந்தாலும் சேலை பழுதாகும். நெசவாளி அறிந்த இந்த உண்மையை நாடாள்வோரும் அறியட்டும். அறியச் செய்வது உமது கடமை, தோழரே!